டி.வி.டி. பிளேயரை டி.வி.யுடன் இணைப்பது எப்படி? நாரந்தனை வீடுகள் தரும் தொழிற்பாடம்

டி.வி.டி. பிளேயரின் காலம் முடிந்துவிட்டதே, கையடக்கத் தொலைபேசியில் எல்லாம் பார்க்கும் இந்நாளில் அதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் கேட்கலாம். தொழில் செய்கிறவன் கடைக் கண்ணாடிப் பெட்டியை மட்டும் பார்க்கக்கூடாது, வாடிக்கையாளரின் அலுமாரியையும் பார்க்க வேண்டும் என்பதே என் பதில். இலத்திரனியல் பொருட்கள் திருத்தும் தொழிலுக்காக நான் அடிக்கடி யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து தீவகம் போய் வருகிறேன். வேலணை, நாரந்தனை, ஊர்காவற்றுறை என்று போகும் இடமெல்லாம் வீட்டு அலுமாரிகளில் டி.வி.டி. இறுவட்டுக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சினிமாப் படம் குறைவு. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, ஞானஸ்நானம், மரணச் சடங்கு ஆகியவையே அதிகம்.

இந்த இறுவட்டுக்களை இயக்கிக் கொடுப்பது சிறிய முதலுடன் செய்யக்கூடிய நேர்மையான ஒரு தொழில். அதைச் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கும், தம் வீட்டில் தாமே செய்து பார்க்க விரும்புவோருக்கும் இந்த வாரம் இப்பாடம்.

இறுவட்டுக்கள் வந்த கதை

1990ஆம் ஆண்டு யுத்தத்தோடு தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பலர் கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரித்தானியா என்று போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களும் போகாமல் இருந்தவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகளின் நல்லது கெட்டது எதற்கும் அவர்களால் நேரில் போக முடியவில்லை. விசா கிடைக்காது, கிடைத்தாலும் உடம்பு இடம் கொடுக்காது. ஆகவே கலியாணம் வீடியோவாக வீட்டுக்கு வந்தது.

முதலில் வந்தவை வீடியோ கெசட்டுக்கள். 1990களில் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குக்கூடத் தடை இருந்தது. கெசட் பார்க்க வேண்டுமென்றால் டி.வி., டெக், மின்பிறப்பாக்கி மூன்றையும் வாடகைக்கு எடுத்து, அயலவரையும் கூப்பிட்டு இரவிரவாகப் பார்ப்பார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் பொருட்கள் தாராளமாக வடக்கே வந்தன. அதே காலத்தில்தான் டி.வி.டி. பிளேயரின் விலையும் உலகெங்கும் இறங்கியது. 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது வசதி படைத்தவர் மட்டும் வாங்கிய பொருள், பத்து வருடத்துக்குள் சாதாரண வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. ஆனால் அதற்கிடையில் வந்த பிளேயர்களும் இறுவட்டுக்களும் வீடுகளில் நிலைத்துவிட்டன.

இன்று அந்தப் பிளேயர்கள் பழசாகிவிட்டன. பழைய குழாய் டி.வி.க்குப் பதிலாகத் தட்டை டி.வி. வந்துவிட்டது. பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டுக்குப் போனதும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். "இந்த டிஸ்க் எந்த நாட்டிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் நாரந்தனையில் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். வயதான அம்மா ஒருவர் குழாய் டி.வி.க்கு முன்னால் இருந்தார். படம் ஓடியது, சத்தமும் வந்தது, ஆனால் நிறமே இல்லை. "தம்பி, கலர் போயிட்டுது. பெட்டியை மாத்த வேணுமெண்டு கடையில சொல்லிப்போட்டாங்கள்" என்றார். "அம்மா, இலங்கைச் சேனல் கலரில தெரியுதோ?" என்று கேட்டேன். தெரிகிறது என்றார். இறுவட்டு கனடாவில் நடந்த மகளின் கலியாணம். கூறைச் சேலை என்ன நிறம் என்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது.

டி.வி.யில் பழுது ஒன்றுமில்லை. பிளேயரின் செட்டப் மெனுவில் ஓர் இடத்தை மாற்றியதும் சேலை அரக்குச் சிவப்பாகத் தெரிந்தது. புதுப் பெட்டி வாங்கியிருந்தால் அந்த அம்மாவுக்குப் பல்லாயிரம் ரூபா வீண் செலவு.

காரணம் இதுதான். உலகில் நிறத் தொலைக்காட்சிக்கு ஒரே முறை இல்லை. அமெரிக்காவும் கனடாவும் என்.டி.எஸ்.சி. முறையில் இருந்தன. அதில் படம் 525 கோடுகளால் ஆனது, செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவை திரையில் வரையப்படும். இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜேர்மனி, அவுஸ்திரேலியா ஆகியவை பி.ஏ.எல். முறையைப் பின்பற்றின. அதில் 625 கோடுகள், செக்கனுக்கு 50 தடவை. நிறத் தகவலைச் சுமந்து வரும் அலையும் இரண்டிலும் வேறு. என்.டி.எஸ்.சி.யில் அது 3.58 மெகாஹேர்ட்ஸ், பி.ஏ.எல்.இல் 4.43 மெகாஹேர்ட்ஸ். பி.ஏ.எல். மட்டும் தெரிந்த டி.வி.க்கு மற்ற முறையில் படம் கொடுத்தால் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறத்தைக் கண்டுகொள்ளாது. சிலவேளை படம் மேலும் கீழுமாக உருளும்.

செய்ய வேண்டியது: பிளேயரில் இறுவட்டை நிறுத்திவிட்டு ரிமோட்டில் செட்டப் பொத்தானை அழுத்துங்கள். 'டி.வி. டைப்' அல்லது 'டி.வி. சிஸ்டம்' என்ற இடத்தில் என்.டி.எஸ்.சி., பி.ஏ.எல்., ஓட்டோ அல்லது மல்டி என்று இருக்கும். பழைய குழாய் டி.வி.க்கு பி.ஏ.எல். என்று வையுங்கள். பல பிளேயர்கள் கனடா இறுவட்டைத் தாமே மாற்றிக் கொடுத்துவிடும். தட்டை டி.வி. பெரும்பாலும் இரு முறைகளையும் ஏற்கும், ஆகவே அதற்கு ஓட்டோ போதும்.

இதோடு பிராந்திய எண்ணைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது திரைப்பட நிறுவனங்கள் வைத்த பூட்டு. கனடா 1, மேற்கு ஐரோப்பா 2, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. கடையில் விற்கும் படங்களில்தான் இந்தப் பூட்டு இருக்கும். கலியாண வீடியோக்காரர் எழுதிக் கொடுக்கும் இறுவட்டில் பொதுவாக இருக்காது. திரையில் பிராந்தியம் தவறு என்று எழுத்து வந்தால் பூட்டுப் பிரச்சினை. படம் ஓடி நிறம் மட்டும் இல்லையென்றால் முறைப் பிரச்சினை.

மின்சாரத்தில் கவனம்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த பிளேயராக இருந்தால் பிளக்கைச் செருகுமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். '100-240 வோல்ட்' என்று எழுதியிருந்தால் பயமில்லை. '120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வட அமெரிக்காவுக்கானது. நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே கொடுத்தால் பிளேயர் எரிந்துபோகும். அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். பயணிகள் கொண்டுவரும் அடப்டர் பிளக்கின் உருவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வாடிக்கையாளருக்கு இதைக் கட்டாயம் விளக்கிச் சொல்லுங்கள்.

வயர் இணைக்கும் முறை

டி.வி., பிளேயர் இரண்டையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின்பே வயரைத் தொட வேண்டும். இரண்டின் பின்பக்கத்தையும் பார்த்து, இரண்டிலும் பொதுவாக உள்ள துளைகளில் தரம் கூடியதைத் தெரிவு செய்யுங்கள்.

1. எச்.டி.எம்.ஐ.: இரண்டிலும் இருந்தால் வேறு யோசனை வேண்டாம். படம், சத்தம் இரண்டும் ஒரே வயரில் வரும்.

2. கொம்பொனன்ட்: பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு, வெள்ளை, சிவப்பு இரண்டும் சத்தத்துக்கு. மொத்தம் ஐந்து வயர், அதில் இரண்டு சிவப்பு. படத்தின் சிவப்பையும் சத்தத்தின் சிவப்பையும் மாற்றிச் செருகினால் நிறம் கெடும், ஒருபக்கச் சத்தமும் போகும்.

3. எஸ்-வீடியோ: நான்கு ஊசியுள்ள வட்டத் துளை. படம் மட்டும் வரும், சத்தத்துக்கு வெள்ளை சிவப்பு வயர் தனியே வேண்டும்.

4. ஏ.வி. வயர்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலப்பக்கச் சத்தத்துக்கு. தீவக வீடுகளில் அதிகம் காண்பது இதுவே. பிளேயரில் 'அவுட்' என்ற பக்கத்திலிருந்து டி.வி.யில் 'இன்' என்ற பக்கத்துக்குச் செல்ல வேண்டும்.

5. அன்டெனாத் துளை மட்டும் உள்ள மிகப் பழைய டி.வி.: ஆர்.எஃப். மொடியுலேட்டர் என்ற சிறு பெட்டியை இடையில் வைத்து, ஒரு சேனலைப்போல டியூன் செய்து எடுக்க வேண்டும்.

இணைத்தபின் டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்', 'இன்புட்' அல்லது 'ஏ.வி.' என்ற பொத்தானை அழுத்தி, வயர் செருகிய துளையின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். 'நோ சிக்னல்' என்று காட்டினால் பிளேயர் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் தெரிவு செய்த துளை வேறாக இருக்கும்.

தீவகத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு வயர் முனைகளில் பச்சைக் களிம்பாகப் படிந்துவிடும். அதனால் படத்தில் கோடு விழும், சத்தத்தில் இரைச்சல் வரும். ஐசோபுறோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகுங்கள். சில இடங்களில் திருத்த வேலை இதோடு முடிந்துவிடும்.

புதுத் தட்டை டி.வி.யில் வரும் சிக்கல்கள்

கறுப்பு வெள்ளைப் படம்: தட்டை டி.வி. சிலவற்றில் மஞ்சளுக்கும் கொம்பொனன்ட் பச்சைக்கும் ஒரே துளை. மஞ்சள் வயரைச் செருகிவிட்டு மெனுவில் 'கொம்பொனன்ட்' என்று வைத்தால் நிறம் வராது. 'ஏ.வி.' என்று மாற்றுங்கள்.

ஒற்றைச் சிறு துளை: மெல்லிய டி.வி.க்களில் மூன்று துளைக்குப் பதிலாக ஹெட்போன் துளை போன்ற ஒன்றே இருக்கும். அதற்கான குட்டை வயர் டி.வி.யோடு வரும். வேறு கொம்பனியின் வயரைப் போட்டால் உள்ளே இணைப்பு வரிசை மாறியிருக்கலாம், படம் வர வேண்டிய இடத்தில் சத்தம் வரும். அந்தக் குட்டை வயரை எறிய வேண்டாம் என்று டி.வி. வாங்குவோரிடம் சொல்லி வையுங்கள்.

ஏ.வி. துளையே இல்லாத டி.வி.: ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சிறு பெட்டி வேண்டும். வாங்கும்போது திசையைக் கவனியுங்கள். எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக மாற்றும் பெட்டியும் அதே உருவத்தில், அதே நிறத்தில் கடையில் இருக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பெட்டிக்கு யூ.எஸ்.பி. வழியாக 5 வோல்ட் மின்சாரமும் கொடுக்க வேண்டும்.

சத்தம் உண்டு, படம் இல்லை: யாரோ பிளேயரில் 'புறோகிரசிவ் ஸ்கேன்' அல்லது 'பி-ஸ்கேன்' பொத்தானை அழுத்தியிருப்பார்கள். மஞ்சள் வயர் அந்தப் படத்தைக் கொண்டுசெல்லாது. இறுவட்டை வெளியே எடுத்துவிட்டு அதே பொத்தானை மீண்டும் அழுத்துங்கள். பொத்தான் இல்லையென்றால் கொம்பொனன்ட் வயரைத் தற்காலிகமாக இணைத்து, மெனு தெரிந்ததும் மாற்றிவிடலாம்.

முகம் அகன்று தெரிதல்: பழைய கலியாண வீடியோக்கள் அநேகமாக 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. தட்டை டி.வி. 16:9. இழுத்து நிரப்பினால் மணமகள் பருத்துத் தெரிவார். பிளேயரில் 16:9 என்று வைத்துவிட்டு, டி.வி.யில் படத்தின் அளவை 4:3 ஆக மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும், முகம் முகமாக இருக்கும்.

படத்தின் தரத்தைச் சீர்செய்தல்

பலரும் ரிமோட்டை எடுத்து எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள். அது தவறு. ஒழுங்குமுறை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வழமையாக எந்த நேரத்தில் பார்ப்பாரோ அந்த வெளிச்சத்தில் அறையை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் படத்தின் வகை. 'டைனமிக்', 'விவிட்' என்பவை கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்தவை. 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மூவி' என்பதற்கு மாற்றுங்கள்.

இரண்டாவது பிரைட்னஸ். பெயர் வெளிச்சம் என்றாலும் இது தீர்மானிப்பது கறுப்பை. கறுப்புக் கோட்டு, கருங்கூந்தல் உள்ள ஓர் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். கறுப்பு சாம்பலாகும்வரை கூட்டி, பின் மெதுவாகக் குறையுங்கள். கோட்டின் மடிப்பு தெரிந்தும், கறுப்பு கறுப்பாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

மூன்றாவது கொன்ட்ராஸ்ட். இது வெள்ளைக்குரியது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைப் பாருங்கள். மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைப் பரப்பாகத் தெரிந்தால் அதிகம். மடிப்புத் தெரியும்வரை குறையுங்கள். பிறகு பிரைட்னஸை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ஒன்று மாறினால் மற்றதும் சிறிது மாறும்.

நான்காவது நிறம். சேலையைப் பார்த்து நிறம் வைக்கக்கூடாது, முகத்தைப் பார்த்து வைக்க வேண்டும். சேலை என்ன நிறமும் இருக்கலாம், மனித முகம் எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 'டின்ட்' என்பது பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. படத்துக்கு மட்டும் வேலை செய்யும். கனடா இறுவட்டில் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஐந்தாவது ஷார்ப்னஸ். இதைக் கூட்டினால் படம் தெளியும் என்று நம்புகிறார்கள். டி.வி.டி. படத்தில் இருப்பது, பி.ஏ.எல். என்றால் 720க்கு 576 புள்ளிகள், என்.டி.எஸ்.சி. என்றால் 720க்கு 480. பல தட்டை டி.வி.க்களின் முழுத் திரை 1920க்கு 1080. இல்லாத புள்ளிகளை எந்தப் பொத்தானாலும் உண்டாக்க முடியாது. ஷார்ப்னஸைக் கூட்டினால் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடும், படம் முழுக்கப் புள்ளிகளும்தான் கூடும். குறைத்து வையுங்கள், சற்றுத் தள்ளியிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

"புது டி.வி. வாங்கியும் பழைய படம் மங்கலாக இருக்குதே" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். முடியாததை முடியும் என்று சொல்லிப் பணம் வாங்குவது ஒருநாள் வியாபாரம்.

படம் விக்கி விக்கி நின்றால் இறுவட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக்கூடாது. வெயிலும் வெக்கையும் படாமல், உறையில் இட்டு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மேலே கடதாசி ஒட்ட வேண்டாம். வீட்டில் எழுதப்பட்ட இறுவட்டுக்களில் தகவல் பதிவது ஒரு சாயப் படையில். அது காலப்போக்கில் கெட்டுப்போகும். இருபது வருடப் பழைய இறுவட்டு இன்று ஓடுகிறது என்பதால் அடுத்த வருடமும் ஓடும் என்று உறுதியில்லை.

இதிலுள்ள தொழில்

இந்த இடத்தில்தான் இரண்டாவது வருமானம் இருக்கிறது. ஓடும் இறுவட்டை ஓடும்போதே பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுங்கள். இறுவட்டுத் துளையுள்ள ஒரு கணினி போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமும் வைத்திருக்கச் சொல்லுங்கள். குடும்ப வீடியோவை மட்டும் பிரதி செய்யுங்கள். விற்பனைத் திரைப்படங்களைப் பிரதி செய்து விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றமாகும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. நல்ல ஏ.வி. வயர், எச்.டி.எம்.ஐ. வயர், கொம்பொனன்ட் வயர் ஒவ்வொன்று, மாற்றுப் பெட்டி ஒன்று, வோல்ட் பார்க்கும் மீற்றர், அற்ககோல், பஞ்சு, மென்துணி. இவற்றோடு பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. இரண்டிலும் நன்றாக ஓடும் என்று தெரிந்த இரண்டு சோதனை இறுவட்டுக்கள். வாடிக்கையாளரின் இறுவட்டு ஓடாதபோது உங்களுடையதைப் போட்டுப் பார்த்தால் பழுது பிளேயரிலா இறுவட்டிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரியும்.

தீவகத்துக்குப் போய்வரும் செலவுதான் பெரியது. ஒரு வீட்டுக்காக மட்டும் போனால் முழுச் செலவும் அந்த வீட்டின் தலையில் விழும். நான் ஊர்வாரியாக நாள் குறித்து, ஒரே பயணத்தில் மூன்று நான்கு வீடுகளைப் பார்த்து, போக்குவரத்துச் செலவைப் பங்கிட்டு எழுதுகிறேன். போகுமுன் தொலைபேசியில் டி.வி.யின் பின்பக்கத்தையும் பிளேயரின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் எந்த வயர் வேண்டும் என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

பற்றுச்சீட்டில் வயரின் விலை, கூலி, பயணம் என மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். வெறும் பொத்தானை அழுத்தியதற்குக் கூலியா என்று சிலர் கேட்பார்கள். எந்தப் பொத்தான் என்று தெரிந்ததற்குத்தான் கூலி. ஆனால் அந்தக் கூலியை நியாயமாக வையுங்கள், வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி டி.வி.க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். மறுபடி கூப்பிட மாட்டார்களே என்று யோசிக்க வேண்டாம், அந்தத் தாளைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டார் கூப்பிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. வாடிக்கையாளர் தரும் குடும்ப இறுவட்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் பெண்பிள்ளைகளின் முகமும் வீட்டுக்குள் நடந்த சடங்குகளும் இருக்கின்றன. வேலைக்குத் தேவையான அளவுக்குமேல் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் கணினியில் உள்ள பிரதியை அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். விளம்பரத்துக்கென்று ஒரு துண்டைக்கூட எடுக்க வேண்டாம். வயரும் பெட்டியும் எந்தக் கடையிலும் வாங்கலாம். நம்பி இறுவட்டைக் கொடுக்கக்கூடிய ஆள் கிடைப்பது அரிது. அந்த ஆளாக இருப்பவருக்குத் தீவகத்தில் இன்னும் பல வருடங்களுக்கு வேலை உண்டு.